நிரந்தர முகவரி என்ற கட்டம்

மாத்தறையில் ஏறி, கொழும்பில் மாறி ஏறினால்
திருகோணமலைக்குப் பதினொரு மணித்தியாலம்.
கந்தளாய் தாண்டியதும் காற்றில் உப்பு வரும் என்று
கம்பஸில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.
பொய்.
கந்தளாய் தாண்டினாலும் டீசல் மணம்தான்.

முதல் வருடம்
ஆண்கள் விடுதியில் எனக்கொரு கட்டில் ஒதுக்கியிருந்தார்கள்.
வேணுஜா என்றால் அங்கே பெடியனின் பெயர்.
பதிவாளர் கந்தோரில் போய் நின்றேன்.
அந்த அம்மா தாளையும் என்னையும்
மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தா.
நான் பிழையில்லாமல் சொன்ன
முதல் சிங்கள வசனம் அதுதான்:
'அது நான்தான்.'

இப்போது மீன்கடையில் விலை குறைக்குமளவுக்குக் கதைப்பேன்.
கனவில் ஒருமுறை
சிங்களத்திலேயே ஏச்சு வாங்கியிருக்கிறேன்.
தெற்குக் கடல் வாய் மூடாது,
எங்கள் உள்துறைமுகம்
பேசாமல் ஆழம் வைத்திருக்கும் என்று
ஒரு கட்டுரையில் எழுதினேன்.
விரிவுரையாளர் பக்கத்தில் சிவப்பால் கேட்டிருந்தார்:
'ஆதாரம்?'

விடுமுறைக்கு வந்திறங்கிய விடியல்.
முதுகில் பை, காலில் மாத்தறைச் செருப்பு.
ஓட்டோக்காரர் சிங்களத்தில் கேட்டார்,
நிலாவெளிக்கா, மிஸ்?
பாலையூற்று, அண்ணா, என்றேன் தமிழில்.
கண்ணாடியைத் திருப்பி என்னைப் பார்த்தார்.
'தமிழ் நல்லாக் கதைக்கிறீங்கள்.'

அறுநூறு ரூபா.
ஒரு ரூபாவும் குறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஹிருணி வந்தாள், என் அறைத்தோழி.
என் ஊரை நான் அவளுக்குக் காட்டுவதாக ஏற்பாடு.
புறாத்தீவுக்கு எந்தப் படகு மலிவு என்று
அவள்தான் எனக்குச் சொன்னாள்.
பத்து வயதில் குடும்பத்தோடு வந்திருக்கிறாளாம்.
பவளப்பாறையில் கால் கீறிய தழும்பைக் காட்டினாள்.
நீ போனதேயில்லையா?
இல்லை.
அந்த வயதில் நான் கிளிவெட்டியில்
முகாமின் தண்ணீர் வரிசையில்
இரண்டு வாளிக்கு இடம் பிடித்துக்கொண்டிருந்தேன்.
அதைச் சொல்ல எனக்குச் சிங்களம் தெரியும்.
படகு இயந்திரம் பெரிய சத்தம்.

கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு.
எது ஆகச் சூடு என்றாள்.
நாலாவது, என்றேன் உறுதியாக.
அவள் ஏழிலும் கை வைத்துப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லவில்லை.
நல்ல பிள்ளை.

கோட்டை வாசலில் மான்கள்.
ஒன்று லஞ்ச் ஷீற்றை மென்றுகொண்டிருந்தது.
யார் வளர்க்கிறார்கள்?
ஒருவரும் இல்லை.
அப்போ யாருடையவை?
கச்சான் விற்ற பெடியன் எங்களுக்காகத் திரும்பி
இரண்டு மொழியிலும் சொன்னான்:
'றோட்டுடையவை.'

மேசையில் புலமைப்பரிசில் படிவம் கிடக்கிறது.
நிரந்தர முகவரி: ஒரு கட்டம், ஒரு வரி.
பிறப்புச் சான்றிதழ் கிளிவெட்டி என்கிறது.
அம்மா பாலையூற்று என்கிறா.
இது வாடகை வீடு, சொந்தக்காரர் கனடாவில்,
கூரை ஒழுகினால் வட்சப்பில் படம் அனுப்ப வேண்டும்.
அப்பா சம்பூர் என்கிறார்.
அங்கே சுவர் இடுப்பளவு எழும்பி
சீமெந்து விலை இறங்கக் காத்து நிற்கிறது.

ஹிருணியை பஸ் ஏற்றிவிட்டேன்.
'கிஹின் என்னம்' என்றாள்.
போய் வருகிறேன்.
வெறுமனே போகிறேன் என்று
அவர்கள் மொழியிலும் சொல்ல மாட்டார்கள்.
மாத்தறை விடுதிக் காவலாளியிடம் நானும் அதைத்தான் சொன்னேன்.
வருகிற மாதம் அம்மாவிடமும் சொல்லுவேன்.
இதில் எது போவது, எது வருவது என்று
பஸ் மறைந்த பிறகும் நின்று யோசித்தேன்.
ஓட்டோக்காரர் ஒருவர் கையசைத்தார்.
நடந்தே வந்துவிட்டேன்.

அப்பா கூப்பிடுகிறார்.
நாலு மூடை சீமெந்து கடனுக்குக் கிடைத்திருக்கிறதாம்,
லொறியில் ஏற்ற ஆள் வேண்டுமாம்.

கட்டம் கிடக்கட்டும்.